சராசரி மழையில் எவரும் நனைவதில்லை

தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கு, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்கு, வானிலைத்துறை வைத்திருக்கும் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். 2015-இல் பெய்தது அதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. மாநிலத்தின் ஒரு பருவக் கணக்கைவிட அதிகமான மழை, ஒரு பகல் ஓர் இரவில். மறு ஆண்டு, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகும், பருவத்தின் மொத்தக் கணக்கு 17 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிட்டது. பற்றாக்குறை 62 விழுக்காடு. 2017 ஜனவரியில், அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக மாநில அரசு அறிவிக்க நேர்ந்தது.

இவ்விரு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வழக்கமான அளவுக்கு வெகு அருகில் வந்துவிடும். கணக்குப் பிள்ளை குறைசொல்ல இடமில்லை. ஆனால் அந்தச் சராசரி மழையில் நனைந்தவர் எவருமில்லை. ஓராண்டில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் நின்றவர்களும், அடுத்த ஆண்டில் கருகிய சம்பாப் பயிரின் வரப்பில் நின்றவர்களும்தாம் உண்டு. மழையோடு நமக்குள்ள உறவு அதன் ஏற்ற இறக்கத்தோடு உள்ள உறவே. இதைச் சொல்லப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. ஆனால் வருங்கால மழையைக் கணிக்கப் புறப்பட்டிருக்கும் பெரிய விஞ்ஞானம், தன் கருவிகளைச் சோதித்துப் பார்க்கையில் இந்த எளிய உண்மைக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பது கேட்டாக வேண்டிய கேள்வி.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டிருப்பது பிராந்தியப் பருவநிலை மாதிரிகளைப் பற்றி. நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இம்மாதிரிகளின் தரத்தை அவை காட்டும் சராசரியைக் கொண்டு அல்ல, அவை காட்டும் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே எடைபோட வேண்டும். அந்த எடையை வெளிப்படையாக அறிவிக்காத எந்த வரைபடத்தையும், அது எவ்வளவு நுணுக்கமாக மாவட்டம் மாவட்டமாக வண்ணம் தீட்டப்பட்டிருந்தாலும், நீருக்கும் நிலத்துக்குமான திட்டங்களுக்கு அடிப்படையாகக் கொள்ளலாகாது.

* * *

பருவநிலை மாதிரி என்பது என்ன? வளிமண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவை இயற்பியல் விதிகளின்படி அடுத்த கணத்தில் எப்படி மாறும் என்று கணக்கிட்டுக்கொண்டே போவது. 1922-இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர் இம்முறையைக் கையால் கணக்கிட்டுக் காட்டி, மாபெரும் பிழையோடு முடித்தார். ஆனால் அவர் போட்ட பாதைதான் கணினி வந்த பிறகு ராஜபாட்டை ஆனது.

உலகம் முழுவதற்குமான மாதிரிகளில் பெட்டியின் ஒரு பக்கம் நீண்டகாலமாக 100 முதல் 200 கிலோமீட்டர் வரை இருந்துவந்தது. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் வால்பாறையும் பொள்ளாச்சியும் ஓர் ஊர். தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்கில் மழைவிடாத மலையுச்சியும், அதே நாள்களில் வெறும் காற்று மட்டும் வீசுகிற சமவெளியும் ஒரே எண்ணால் குறிக்கப்பட்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே மலையாக இருப்பதில்லை, மெல்லிய மேடாகிவிடும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததுதான் பிராந்திய மாதிரி. ராபர்ட் டிக்கின்ஸன், ஃபிலிப்போ ஜியோர்ஜி முதலானோர் 1989-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்காக இதைச் செய்து காட்டினார்கள். உலக மாதிரியின் நடுவே ஒரு நிலப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதைச் சிறு பெட்டிகளாகப் பிரித்துக் கணக்கிடுவது. நான்கு எல்லைகளிலும் உள்ளே வரும் காற்றும் ஈரமும் உலக மாதிரியிலிருந்து பெறப்படும். உள்ளே நடப்பதைப் பிராந்திய மாதிரி தானே கணக்கிடும். அப்துஸ் சலாம் தோற்றுவித்த இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரத்து ஆய்வு மையத்தில் பின்னர் வளர்க்கப்பட்ட ரெக்-சி-எம் என்ற மாதிரி இன்று வளரும் நாடுகள் பலவற்றின் ஆய்வுக்கூடங்களில் ஓடுகிறது. பிரிட்டனின் ஹாட்லி மையம் உருவாக்கிய பிரிசிஸ் மாதிரியைக் கொண்டு புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2006-இல் இந்தியாவுக்கான வருங்காலக் காட்சிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டுக்கான கணிப்புகளுக்கு அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதே மாதிரியைப் பயன்படுத்தினார்கள். உலகெங்கும் நடக்கும் இத்தகைய முயற்சிகளை ஒரே விதிமுறையின் கீழ் கொண்டுவர 2009-இல் கார்டெக்ஸ் என்ற கூட்டுத் திட்டம் தொடங்கியது. தெற்காசியாவுக்கு 50 கிலோமீட்டர் பெட்டிகளோடு ஆரம்பித்த அத்திட்டத்தில் இப்போது 25 கிலோமீட்டர் அளவிலான கணக்குகளும் கிடைக்கின்றன.

இலக்கிய வாசகர்களுக்கு இதை மூலமும் உரையும் என்று சொன்னால் எளிதில் விளங்கும். உலக மாதிரி மூலம், பிராந்திய மாதிரி உரை. சுருங்கச் சொன்னதை உரையாசிரியர் விரித்துரைக்கிறார், அருஞ்சொற்களுக்குப் பொருள் தருகிறார், மூலத்தில் மறைந்திருக்கும் நுணுக்கங்களை வெளிக்கொணர்கிறார். ஆனால் கையிலிருக்கும் ஏட்டுப் பிரதியே பிழைபட்டதாக இருந்தால்? உரை எவ்வளவு நயமாக இருந்தாலும் அது பிழைக்கு எழுதப்பட்ட நயமான உரையாகவே இருக்கும். அரபிக்கடலின் வெப்பத்தை உலக மாதிரி குறைவாகக் காட்டினால், அதிலிருந்து வரும் ஈரமும் குறைவாகவே எல்லைக்குள் நுழையும். உள்ளே பெட்டிகளை எத்தனை நுண்மையாக நறுக்கினாலும் வராத ஈரம் வந்துவிடாது. சில உரையாசிரியர்கள் மூலத்தில் இல்லாத புதுப்பிழைகளைச் சேர்ப்பதும் உண்டு. பிராந்திய மாதிரிகளுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது.

* * *

ஆகவே தேர்வு வைத்துப் பார்க்க வேண்டும். மாதிரியை வருங்காலத்துக்கு அனுப்பும் முன் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். எல்லைகளில் உலக மாதிரிக்குப் பதிலாக, உண்மையில் அளக்கப்பட்ட காற்றையும் வெப்பத்தையும் கொண்டு தொகுத்த மறுபகுப்பாய்வுத் தரவுகளை ஊட்டுகிறார்கள். மூலப் பிரதியைத் திருத்திக் கொடுத்துவிட்டு உரையாசிரியரை மட்டும் சோதிக்கும் தேர்வு இது. உரிய ஆண்டுகளின் மழையை மாதிரி தருகிறதா என்று மழைமானிக் கணக்குகளோடு ஒப்பிடுவார்கள்.

இதில் வழக்கமாக முதலில் கேட்கப்படும் கேள்வி, பல்லாண்டுச் சராசரி ஒத்துப்போகிறதா என்பது. நம் பார்வையில் இருப்பதிலேயே எளிய வினாத்தாள் இதுதான். மலை நகர்வதில்லை, கடற்கரை இடம் மாறுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிரும், மலைக்கு மேற்கே பெய்யும், கிழக்கே காயும் என்பது நிலத்தின் உயரங்களைச் சரியாகக் கொடுத்துவிட்டாலே பெருமளவு வந்துவிடும். இதற்காக மாதிரியைப் பாராட்டுவது, திருநெல்வேலி தெற்கே இருக்கிறது என்று சரியாகச் சொன்ன மாணவனைப் பாராட்டுவதைப் போன்றது.

அதைவிட முக்கியமான சிக்கல், சராசரி பிழைகளை மறைத்துவிடும் என்பது. மலைச்சரிவில் மழையை மிகுத்தும் கங்கைச் சமவெளியிலும் மத்திய இந்தியாவிலும் குறைத்தும் காட்டுகிற மாதிரிகள் பல உண்டு. மிகையும் குறையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, அகில இந்தியக் கணக்கு அழகாக வந்து நிற்கும். காலத்திலும் இதே வித்தை நடக்கிறது. மேகத்தின் உள்ளே நடக்கும் எழுச்சிகள் 25 கிலோமீட்டர் பெட்டியைவிடச் சிறியவை. அவற்றை நேரடியாகக் கணக்கிட முடியாமல் தோராய விதிகளைப் பயன்படுத்துகிறார்கள். விளைவு, பல மாதிரிகளில் வானம் ஏறக்குறைய நாள்தோறும் தூறிக்கொண்டே இருக்கும், கனமழை நாள்கள் குறைந்துபோகும். பருவத்தின் கூட்டுத்தொகை மட்டும் சரியாக இருக்கும். நம் கிராமங்களில் மழையை ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று அளந்தார்கள். மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான் அங்கே கேள்வி. நாள்தோறும் தூறும் நான்கு மில்லிமீட்டர் எந்த உழவுக்கும் ஆகாது, எந்த ஏரியையும் நிரப்பாது. பத்து நாள் தூறலையும் ஒருநாள் பெருமழையையும் ஒன்றாக எண்ணும் தேர்வு, ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றறியாதவர் வைத்த தேர்வு.

இரண்டாவது வினாத்தாள்தான் நமக்கு வேண்டியது. ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கத்தை மாதிரி பிடிக்கிறதா? இந்தியாவின் தென்மேற்குப் பருவமழைச் சராசரி இன்றைய கணக்கில் 87 சென்டிமீட்டர். அது ஆண்டுதோறும் அங்குமிங்கும் ஆடும் வழக்கமான வீச்சு, அதாவது திட்ட விலக்கம், சுமார் பத்து விழுக்காடுதான். பத்துதானே என்று தோன்றலாம். 2002-இல் பெய்தது சராசரியில் 81 விழுக்காடு. அவ்வாண்டு ஜூலை மழை ஏறத்தாழப் பாதிதான். அதற்கு முன் வெளியிடப்பட்ட அதிகாரபூர்வ முன்னறிவிப்போ 101 விழுக்காடு என்று சொல்லியிருந்தது. 2009-இல் 78 விழுக்காடு. 2019-இல் 110. அந்த 110-க்குள்ளும் ஒரு கதை உண்டு. ஜூனில் மூன்றில் ஒரு பங்கு குறைவு, செப்டம்பரில் பாதிக்கு மேல் மிகை. ஜூனில் விதைத்தவருக்கு அது வறட்சி ஆண்டு, செப்டம்பரில் அறுவடைக்குக் காத்திருந்தவருக்கு வெள்ள ஆண்டு.

இப்போது ஒரு மாதிரியின் வீச்சு பத்து விழுக்காட்டுக்குப் பதிலாக ஐந்துதான் என்று வைத்துக்கொள்வோம். சராசரி அப்பழுக்கில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த மாதிரியின் உலகத்தில் 2009 என்ற ஆண்டு ஆயிரம் வருடம் ஓட்டினாலும் வர வாய்ப்பில்லை. அதை நம்பி அணையின் கொள்ளளவையும் பயிர்க் காப்பீட்டுத் தொகையையும் குடிநீர்த் திட்டத்தையும் வகுப்பவர், வறட்சியே இல்லாத நாட்டுக்குத் திட்டம் போடுகிறார். சராசரியில் பத்து விழுக்காடு பிழைசெய்யும் மாதிரியைக்கூட ஓரளவு திருத்திப் பயன்படுத்திவிடலாம். ஏற்ற இறக்கத்தைத் தொலைத்த மாதிரியைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று. எந்தக் காற்று, எந்தக் கடல் அந்த ஆட்டத்தை ஆட்டுவிக்கிறதோ, அந்தப் பொறிமுறையே அங்கே விடுபட்டுப்போயிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் குறிப்பிட வேண்டும். உலக மாதிரியை எல்லையாகக் கொண்டு ஓடும் பிராந்திய மாதிரியிடம் 2002-இல் வறட்சி வந்ததா என்று கேட்கக் கூடாது. அந்த மாதிரியின் நாட்காட்டியும் நம் நாட்காட்டியும் ஒன்றல்ல. அதனிடம் கேட்கத்தக்கது, முப்பது ஆண்டுகளில் எத்தனை வறட்சிகள், எவ்வளவு கடுமை என்பது மட்டுமே. ஆனால் அளக்கப்பட்ட காற்றை எல்லையில் ஊட்டி ஓட்டும்போது, 2002 எங்கே என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. வீச்சு ஒரு கேள்வி, வரிசை வேறொரு கேள்வி. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் டெய்லர் 2001-இல் வகுத்த வரைபடமொன்று ஒத்திசைவு, வீச்சு, பிழை ஆகிய மூன்றையும் ஒரே புள்ளியில் காட்டவல்லது. அரிய கருவி. ஆனால் பல கட்டுரைகளில் அதைச் சராசரி மழை வரைபடத்தை ஒப்பிட மட்டுமே பயன்படுத்திவிட்டு, மாதிரி திறம்படச் செயல்படுகிறது என்று முடித்துவிடுகிறார்கள். அங்கே நிரூபணமாவது மலை இருக்குமிடத்தில் மலை இருக்கிறது என்பதுதான்.

* * *

காவிரி டெல்டாவை எடுத்துக்கொண்டால் தேர்வு இன்னும் கடினமாகிறது. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12 அன்று திறப்பது மரபு. பல ஆண்டுகளில் அந்நாளில் திறக்க முடிந்ததில்லை. மேட்டூருக்கு வரும் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. டெல்டாவின் வயலில் நேரே விழுவதோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. ஒரே நெற்பயிரின் வாழ்வு இரு வேறு பருவங்களில், இரு வேறு கடல்களில் தொங்குகிறது.

இவ்விரண்டையும் ஆட்டிவைக்கும் சக்திகளில் ஒன்று பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத்துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதற்கு முன்னறிகுறிகளைத் தேடப்போய், பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே அழுத்தம் ஊஞ்சலாடுவதைக் கண்டார். எல் நினோ என்று இன்று நாம் சொல்வதன் வளிமண்டலப் பாதி அது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நலிவதும், அதே ஆண்டின் இறுதியில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் பொதுவான போக்கு. 2015 இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை 86 விழுக்காடு, சென்னையிலோ வெள்ளம். ஆனால் இது இயந்திர விதியன்று. 1997-இல் நூற்றாண்டின் பெரும் எல் நினோக்களுள் ஒன்று நிகழ்ந்தபோது இந்தியாவில் மழை 102 விழுக்காடு. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறிமாறிச் சூடாகும் இருமுனை ஊசலாட்டத்தைச் சாஜி, யமகட்டா முதலானோர் 1999-இல் விளக்கிய பிறகுதான் அந்த முரண் ஓரளவு புரிந்தது.

ஆகவே நமக்கான மாதிரி ஒரே காரணத்துக்கு இரு எதிரெதிர் விளைவுகளைத் தர வேண்டும். சில ஆண்டுகளில் தராமலும் இருக்க வேண்டும். தென்மேற்கில் தேறிய மாதிரி வடகிழக்கிலும் தேறும் என்று கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் இந்தியப் பருவமழை என்றாலே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் என்பது எழுதப்படாத சட்டம். மாதிரிகளைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த நான்கு மாதங்களைத்தான் சோதித்தன. நம் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தரும் பருவம் பிற்சேர்க்கையாகிவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழையை மாதிரியில் பிடிப்பது ஏன் கடினம் என்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். வழக்கமான பிராந்திய மாதிரியில் கடல் உயிரற்றது. அதன் வெப்பநிலை வெளியிலிருந்து கொடுக்கப்படும் எண், அவ்வளவுதான். உண்மையில் வங்காள விரிகுடாவில் மேகம் திரண்டால் வெயில் மறைந்து கடல் குளிரும், புயல் கடந்தால் அடிநீர் மேலேறிக் கடல் குளிரும், குளிர்ந்த கடல் அடுத்த மேகத்தைத் தடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாத மாதிரியில் கடல் அள்ள அள்ளக் குறையாத அட்சயபாத்திரம். கடலையும் சேர்த்துக் கணக்கிடும் பிராந்திய மாதிரிகள் வந்துகொண்டிருப்பது நல்ல செய்தி. இரண்டாவது காரணம், இந்தப் பருவம் சில காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களாலும் புயல்களாலும் ஆனது. அவற்றுள் ஒன்று நாகப்பட்டினத்துக்கு வராமல் ஆந்திரக் கரைக்குத் திரும்பிவிட்டால் ஒரு மாவட்டத்தின் ஆண்டுக் கணக்கே மாறிவிடும். இதில் தற்செயலுக்குப் பெரிய பங்குண்டு. ஒருமுறை ஓட்டிப் பார்த்து மாதிரி தேறியது என்பதும் தோற்றது என்பதும் சமமான அவசரம். தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டினால்தான் எது மாதிரியின் குணம், எது தற்செயல் என்று பிரித்தறிய முடியும். கணினி நேரம் செலவாகும் என்பதால் இது அடிக்கடி தவிர்க்கப்படுகிறது.

தேர்வாளரின் கையிலிருக்கும் விடைத்தாளையும் பார்க்க வேண்டும். சென்னையில் 1813 முதல் மழைக் கணக்கு உண்டு. உலகில் மிகச் சில நகரங்களுக்கே வாய்த்த செல்வம் அது. இந்திய வானிலைத்துறை ஏறத்தாழ 7000 மழைமானிகளின் கணக்குகளைக் கொண்டு 1901 முதலான நாள்மழையைக் கால் டிகிரிக் கட்டங்களாகத் தொகுத்து 2014-இல் வெளியிட்டது. ஆனால் மழை மிகுந்த மலைகளில் மழைமானிகள் குறைவு. 1997 முதல் 2015 வரை செயற்கைக்கோளிலிருந்து மழையை அளந்த ட்ரிம் திட்டம் அந்த இடைவெளியை ஓரளவே நிரப்பியது. மாதிரி மலையில் மிகையாகக் காட்டுகிறதா, மழைமானி குறைவாகக் காட்டுகிறதா என்று துணிந்து சொல்ல முடியாத இடங்கள் உண்டு. இன்னொரு குறை அதனினும் பெரிது. கார்டெக்ஸ் தன் முதல் சோதனைக்கு வகுத்த காலம் 1989 முதல் 2008 வரை. அந்த இருபது ஆண்டுகளில் அகில இந்திய அளவில் வறட்சி என்று சொல்லத்தக்கவை 2002, 2004 என இரண்டே. வறட்சியைப் பற்றி இரண்டே வினாக்கள் உள்ள தேர்வில் தேறியவரிடம் வருங்கால வறட்சிகளைப் பற்றிக் கேட்கப் போகிறோம்.

தேர்வின் முடிவுகள் என்ன சொல்கின்றன? இந்திய ஆய்வாளர்கள் சிலர் 2017-இல் கார்டெக்ஸின் ஒன்பது பிராந்தியக் கணக்குகளை அவற்றின் மூலமான உலக மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். பருவமழையின் தொடக்கம், வடக்கு நோக்கிய நகர்வு, பருவத்துக்குள்ளான ஏற்ற இறக்கம், அதீத மழை எனப் பல பண்புகளைச் சோதித்தார்கள். மழை நிலப்பரப்பில் விரவியிருக்கும் விதம் தவிர வேறெதிலும், மூலத்தைவிட உரை சீராக மேம்பட்டிருக்கவில்லை என்பதே அவர்கள் கண்டது. அதாவது எளிய வினாத்தாளில் மதிப்பெண் கூடியிருக்கிறது, கடினமான வினாத்தாளில் நிச்சயமாகக் கூடியது என்று சொல்ல முடியவில்லை. நீண்டகாலப் போக்கிலும் இதே தடுமாற்றம்தான். 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை சுமார் ஆறு விழுக்காடு குறைந்ததாகப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை கூறுகிறது. காற்றிலுள்ள மாசுத்துகள்கள், இந்தியப் பெருங்கடலின் வெப்பம், நிலப்பயன்பாட்டு மாற்றம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்தச் சரிவைக் கடந்த காலத்தில் காட்டத் தவறிய உலக மாதிரிகள் பல. அவைதாம் வருங்காலத்தில் மழை கூடும் என்கின்றன. வெப்பமான காற்று அதிக ஈரம் தாங்கும் என்பதால் அவை சொல்வது மெய்யாகலாம். ஆனால் எவ்வளவு, எங்கே, எந்த ஆண்டுகளில் என்பதற்கு அவற்றின் சொல்லை மட்டும் நம்புவது எப்படி?

* * *

மாதிரிகளைத் தூக்கியெறிந்துவிட்டுப் பஞ்சாங்கத்துக்குத் திரும்பலாம் என்று நாம் சொல்லவில்லை. வெப்பநிலையைப் பொறுத்தவரை இம்மாதிரிகள் கூறுவது உறுதியானது, அச்சமூட்டுவது. மாதிரியின் பிழையை நாம் அறிந்திருப்பதே அதைச் சோதிக்கும் விஞ்ஞானிகள் தயங்காமல் எழுதி வைத்திருப்பதால்தான். சிக்கல் ஆய்விதழுக்கும் அரசுக் கோப்புக்கும் இடையே நிகழ்கிறது. ஆய்விதழில் பத்துப் பக்கங்களில் இருந்த எச்சரிக்கைகள் செயல்திட்ட அறிக்கையில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கி, செய்தித்தாளில் காணாமல் போய்விடுகின்றன. எஞ்சுவது ஒரு வண்ணப்படமும், இந்த மாவட்டத்தில் இத்தனை விழுக்காடு மழை கூடும் என்ற ஒற்றை எண்ணும்.

ஆகையால் சில எளிய எதிர்பார்ப்புகளை முன்வைக்கிறோம். மழைக் கணிப்பு எதுவாயினும், கடந்த முப்பது ஆண்டுகளில் மெய்யான மழையின் வீச்சு எவ்வளவு, மாதிரி காட்டிய வீச்சு எவ்வளவு என்ற இரண்டு எண்கள் அதன் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும். இரு பருவங்களுக்கும் தனித்தனியே. ஒரே மாதிரியின் ஒரே ஓட்டத்தைக் கொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சராசரி எவ்வளவு மாறும் என்பதோடு, பத்தில் ஓராண்டு எவ்வளவு மோசமாக இருக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். பொதுப்பணத்தில் அளந்த மழைக் கணக்கும் பொதுப்பணத்தில் ஓடிய மாதிரியின் முடிவும் கேட்பவர்க்கெல்லாம் கிடைக்க வேண்டும், தமிழிலும் எழுதப்பட வேண்டும்.

இப்படி நிச்சயமின்மையை விரித்துச் சொன்னால் சாதாரண மக்கள் குழம்பிவிடுவார்கள் என்றொரு வாதம் வழக்கமாக எழும். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் ‘தேடி’ என்ற சொல்லைப் பொழுதுபோகாமல் சேர்க்கவில்லை. பட்டம் ஆண்டுதோறும் ஒரே நாளில் வந்து வாசலில் நிற்காது, தேடித்தான் கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஏரிகளைப் பாருங்கள். ஒவ்வோர் ஏரிக்கும் மதகும் உண்டு, கலிங்கும் உண்டு. மதகு, இருக்கும் தண்ணீரை அளந்து வயலுக்கு விட. கலிங்கு, மிஞ்சிய தண்ணீர் கரையை உடைக்காமல் அடுத்த ஏரிக்குப் போக. சராசரி மழையை மட்டும் எண்ணியிருந்தால் கலிங்கு கட்டியிருக்க வேண்டியதில்லை. மழையின் ஏற்ற இறக்கத்தைக் கல்லில் கட்டி வைத்த சமூகத்திடம் அதை எண்ணில் எழுதிக் காட்ட எவரும் தயங்க வேண்டாம். அடுத்த முறை நம் மாவட்டத்துக்கான மழைக் கணிப்பு ஒன்று வெளியாகும்போது, எவ்வளவு பெய்யும் என்று கேட்பதற்கு முன்னால், இந்த மாதிரி 2015-ஐயும் 2016-ஐயும் அடுத்தடுத்துக் காட்டியதா என்று நாம் கேட்டுப் பழக வேண்டும்.